கென்ட்ரிக்கா, டிரேக்கா? ஒரு லாவணித் தீர்ப்பு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டியே பார்க்கலை. ஆய்வகத்துல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கு எழுத உட்கார வெச்சது ஒரு ராப் போட்டி. "ராப்பெல்லாம் ஒரு பாட்டா?"ன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. பாதி வழியில காளமேகம் ஏறிக்குவார். :-)

கதை எங்க விடுதி அடுப்படியில ஆரம்பிக்குது. சூரிச்ல மாணவர் விடுதின்னா மாடிக்கு ஒரு அடுப்படி. பன்னிரண்டு பேருக்கு ரெண்டு அடுப்பு, ஆளுக்கொரு அலமாரி, யாரும் கழுவாத ஒரு குக்கர் (அது என்னுது). எங்க மாடியில ஒரு தம்பி இருக்கான். அப்பா அம்மா 1990கள்ல யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்தவங்க, இவன் பிறந்து வளர்ந்தது பெர்ன் பக்கம். வீட்ல தமிழ், வெளியில பெர்ன் ஜெர்மன், ராப் பண்றதும் பெர்ன் ஜெர்மன்லதான். போன மாசம் ஒரு இளைஞர் மன்றத்துல நடந்த ராப் சண்டைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான்.

விதிமுறை சுலபம். ரெண்டு பேர், மூணு சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிஷம். முடிஞ்சதும் தொகுப்பாளர் ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் கை நீட்டுவார். யாருக்குச் சத்தம் அதிகமோ அவர் ஜெயிச்சார். நடுவர் குழு கிடையாது, மதிப்பெண் அட்டை கிடையாது.

எதிராளி சூரிச் பையன், வாய் ஜாலக்காரன். ரெண்டாவது சுற்றுல "உங்கப்பா எங்க சமையலறையில பாத்திரம் கழுவுறவர்தானே"ங்கிற மாதிரி ஒண்ணை எடுத்து விட்டான். அரங்கமே அதிர்ந்துச்சு. பக்கத்துல நின்ன நாலு பேர் என் முகத்தைப் பார்த்துட்டு சிரிப்பைச் சட்டுனு அடக்கினாங்க. அது இன்னும் மோசமா இருந்துச்சு.

தம்பி மூணாவது சுற்றுல பதில் சொன்னான். எனக்குக் கால்வாசிதான் புரிஞ்சுது. கூட்டத்துல பாதிப் பேருக்கு அதுவும் புரியலை போல. கை தட்டினாங்க, ஆனா வெடிக்கலை. சத்தத்துல தோத்துட்டான்.

திரும்பி வர்ற ரயில்ல அந்தப் பதிலை எனக்கு வரி வரியா விளக்கினான். இந்த ஊர் ஜெர்மன்ல 'ஹுஹிஹெஷ்ட்லி'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. சமையலறை அலமாரின்னு அர்த்தம். புதுசா வந்த வெளிநாட்டுக்காரன் யாரா இருந்தாலும் பிடிச்சு வெச்சு "இதைச் சொல்லு பாப்போம்"னு கேட்டுச் சிரிக்கிறது இவங்களோட தேசிய விளையாட்டு. தம்பி அந்த வார்த்தையை எடுத்திருக்கான். 'நீங்க எங்களைச் சோதிக்க வெச்சிருக்கிற வார்த்தைக்குள்ளயே எங்கப்பா இருபத்தஞ்சு வருஷமா வேலை பார்க்கிறார். எந்தத் தட்டு எங்க இருக்குன்னு உன்னைவிட அவருக்குத் தெரியும், நீங்க எதை ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னும் தெரியும்.' இதுதான் சாரம். அவன் வீசின சமையலறையையே திருப்பிப் பிடிச்சு, அதுக்குள்ள ஒரு அலமாரியைத் திறந்து காட்டிட்டான்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஓல்டென் வர்ற வரைக்கும் பேச்சு வரலை.

மறுநாள் அடுப்படியில பஞ்சாயத்து. எங்க மாடியில டொராண்டோக்காரன் ஒருத்தன் இருக்கான், டிரேக் பக்தன். தம்பியோ கென்ட்ரிக் லமார் பக்தன். தம்பி "சனத்துக்குக் காது இல்லை அண்ணா"ன்னு புலம்பினதும் டொராண்டோ மடக்கிட்டான். "2024ல கென்ட்ரிக் ஜெயிச்சதுக்கு என்ன ஆதாரம் சொன்னே? ஊர் முழுக்க அவன் பாட்டுக்கு ஆடுதுன்னு சொன்னே. அப்ப கூட்டம்தான் நடுவர். இப்ப நீ தோத்தா மட்டும் கூட்டத்துக்குக் காது இல்லையா?"

நல்ல கேள்விதானே? ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த உடம்பு, நடுவர் நாற்காலின்னா விடுமா? ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பாட்டையெல்லாம் திரும்பக் கேட்டேன். இந்தப் பதிவு அந்தத் தீர்ப்பு.

வழக்கு தெரியாதவங்களுக்குச் சுருக்கம். 2023 அக்டோபர்ல டிரேக்கும் ஜே. கோலும் சேர்ந்து போட்ட ஒரு பாட்டுல, ராப் உலகத்தோட மூணு பெரியவங்கன்னு தங்களையும் கென்ட்ரிக்கையும் கோல் சொல்லப்போக, 2024 மார்ச் 22ல வந்த 'லைக் தட்' பாட்டுல கென்ட்ரிக் "மூணெல்லாம் கிடையாது, நான் ஒருத்தன்தான்"ங்கிற தொனியில மறுத்தார். கோல் ஏப்ரல்ல ஒரு பதில் பாட்டு போட்டு, ரெண்டே நாள்ல மேடையில வருத்தம் தெரிவிச்சு ஒதுங்கிட்டார். டிரேக் 'புஷ் அப்ஸ்' போட்டார். அப்புறம் 'டெய்லர் மேட் ஃப்ரீஸ்டைல்'. ஏப்ரல் 30ல கென்ட்ரிக்கோட 'யூஃபோரியா'. மே 3ல '6:16 இன் எல்.ஏ.'. அன்னைக்கே டிரேக்கோட 'ஃபேமிலி மேட்டர்ஸ்'. அது வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள கென்ட்ரிக்கோட 'மீட் த கிரஹாம்ஸ்'. மறுநாள் 'நாட் லைக் அஸ்'. மே 5ல டிரேக்கோட 'த ஹார்ட் பார்ட் 6'. முடிஞ்சுது. அப்புறம் 'நாட் லைக் அஸ்' 2025 பிப்ரவரியில அஞ்சு கிராமி வாங்குச்சு, அடுத்த வாரமே சூப்பர் போல் மேடையிலயும் பாடினார்.

டொராண்டோ சொல்ற 'கூட்டத்தோட தீர்ப்பு' இதுதான். நான் கேக்கிறது வேற: சொல் வித்தையில யார் மேல?

இதுக்கு அளவுகோல் எங்கேர்ந்து எடுக்கிறது? எனக்குத் தெரிஞ்ச பாட்டுச் சண்டை ஒண்ணுதான். எங்க தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணி. மராட்டியர் ஆட்சியில வந்து எங்க மண்ணுல தமிழ் பேசிப் பழகின கலை. மாசியில காமன் பண்டிகைக்கு டேப்பைத் தட்டிக்கிட்டு ரெண்டு கட்சி உட்காரும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததுல மன்மதன் எரிஞ்சுட்டான்னு எரிந்த கட்சி. எரியலைன்னு எரியாத கட்சி. விடிய விடியக் கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. எங்க தாத்தா சின்ன வயசுல பார்த்ததைச் சொல்லுவார். "சத்தமா பாடுறவன் ஜெயிக்க மாட்டாண்டா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றவன்தான் ஜெயிப்பான்"ம்பார். அதுலேர்ந்து நாலு கோல் எடுத்தேன்.

முதல் கோல் ஓசை. நம்ம எதுகை வரியோட தலையில ரெண்டாம் எழுத்துல நிக்கும். ராப்போட எதுகை வாலில நிக்கும், நல்ல ஆளுங்க கிட்ட வயித்துலயும் நிக்கும். மூணு நாலு அசையைச் சேர்த்தாப்புல ஒலிக்க வைப்பாங்க. இதுல ரெண்டு பேரும் கில்லாடி. 'யூஃபோரியா' ஆறு நிமிஷத்துக்கு மேல ஓடுது. மெதுவா, கிட்டத்தட்ட பேசுற மாதிரி ஆரம்பிச்சு, பீட் மாறி, குரல் மாறி, வேகம் மாறிப் போகுது. 'ஃபேமிலி மேட்டர்ஸ்' மூணு பாகம், மூணு மெட்டு, எங்கயும் மூச்சு வாங்கலை. இந்தப் பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவே இல்லை. வெளிவந்த ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த குண்டு விழுந்துட்டதால யாரும் நிதானமா கேக்கவே இல்லை. இந்தக் கோல்ல கென்ட்ரிக் அரை மார்க் கூட.

ரெண்டாவது சிலேடை. பதிவுலக பாஷையில உள்குத்து. :-) காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுல வெச்சார். பாம்புன்னு படிச்சாலும் முழுசா நிக்கும், பழம்னு படிச்சாலும் முழுசா நிக்கும். ஒரு பக்கம் நொண்டினா அது சிலேடை இல்லை, வெறும் சத்தம். இதுல டிரேக்குக்கு நியாயம் செய்யணும். 'புஷ் அப்ஸ்'ல தண்டால் எண்ணிக்கையையும், கென்ட்ரிக் தன் பழைய கம்பெனிக்குக் கொடுத்ததாச் சொல்ற பங்கையும் ஒரே எண்ணுல முடிச்சுப் போடுறார். ரெண்டு பக்கமும் நிக்குது. கென்ட்ரிக் பக்கம், 'யூஃபோரியா'ங்கிற தலைப்பே டிரேக் நிர்வாகத் தயாரிப்பாளரா இருந்த ஒரு தொலைக்காட்சித் தொடரோட பேர். 'நாட் லைக் அஸ்'ல ஊரே சேர்ந்து கத்துற அந்த இடத்துல ஒரு சங்கீதச் சொல்லும் வயசு வராத பிள்ளைங்கிற சொல்லும் ஒண்ணாகுது. கேக்க அபாரம், குற்றச்சாட்டு பயங்கரம். அதுக்கு அப்புறம் வர்றேன். இந்தக் கோல்ல கென்ட்ரிக், ஆனா எல்லாரும் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

மூணாவது எதிர்ப்பாட்டு. தாத்தாவோட கோல். எதிராளி எதை வீசினானோ அதைப் பிடிச்சுத் திருப்பி வீசணும். டிரேக் தன் பாட்டுகளுக்கு நேரத்தையும் ஊரையும் சேர்த்துத் தலைப்பு வைக்கிறது பல வருஷ வழக்கம். கென்ட்ரிக் '6:16 இன் எல்.ஏ.'ன்னு அதே அச்சுல வார்த்தார். உன் வீட்டு நாற்காலியிலயே உட்கார்ந்து உன்னைத் திட்டுறேன்னு அர்த்தம். டிரேக்கும் கடைசியில கென்ட்ரிக்கோட 'த ஹார்ட்' வரிசைப் பேரைத் தூக்கினார், யோசனை அருமை. ஆனா உள்ள இருந்தது பெரும்பாலும் மறுப்பு. அது இல்லை, இது பொய், நாங்களே தப்பான தகவலைக் கொடுத்து ஏமாத்தினோம்... பாட்டு வாக்குமூலமா மாறிடுச்சு. லாவணியில விளக்கம் சொல்ல ஆரம்பிச்சவன் பாதி தோத்தவன். போதாக்குறைக்கு 2024 நவம்பர்ல வந்த தன் 'ஜிஎன்எக்ஸ்' தொகுப்புல கென்ட்ரிக் அதே பேர்ல ஆறாம் பாகம் போட்டுத் தலைப்பைத் திரும்ப வாங்கிட்டார். பட்டா மாத்தின மாதிரி. :-)

நாலாவது சொந்தச் சரக்கு. தருமி கதை எல்லாருக்கும் தெரியும். சொக்கநாதரே எழுதிக் கொடுத்தாலும் பாடினவனுக்கு அது ஆகாது. 'டெய்லர் மேட்'ல டிரேக் செயற்கை நுண்ணறிவை வெச்சு மறைஞ்ச டூபாக் குரலையும், உயிரோட இருக்கிற ஸ்னூப் டாக் குரலையும் வரவழைச்சார். டூபாக் தரப்பு வழக்குப் போடுவோம்னு எச்சரிச்சதும் பாட்டை எடுத்துட்டார். குறும்பான யோசனைதான். ஆனா சொல் சண்டையில இரவல் குரல்ல பேசுறது, அதுவும் 2015லயே "எழுதிக் கொடுக்க ஆள் வெச்சிருக்கார்"னு மீக் மில் கிளப்பின பேச்சு இருக்கிறப்போ, தானே போய் மண்டபத்துல நிக்கிற மாதிரி.

ஆக, எழுத்துல கென்ட்ரிக்தான். ஆனா கவனிங்க, இந்த மார்க்ல பாதிக்கு மேல 'யூஃபோரியா'வும் '6:16'ம் வாங்கிக் கொடுத்தது. 'நாட் லைக் அஸ்' இல்லை. மஸ்டர்டோட அந்த பீட்டை எடுத்துட்டு வெறும் வரிகளை வாசிச்சா அதுல பாதி கோஷமாத்தான் இருக்கு. ஊர் ஆடினது அந்தப் பாட்டுக்கு. டொராண்டோ, உனக்குப் பதில் இதுதாண்டா: கூட்டமும் சொல்லும் அன்னைக்கு ஒரே ஆளைக் காட்டுச்சு, வேற வேற காரணத்துக்காக. அதனால கூட்டம் எப்பவும் சொல்லைத்தான் மார்க் போடுதுன்னு ஆகாது.

இதுக்கு எதிர் உதாரணமும் உண்டு. 1981 டிசம்பர்ல நியூயார்க் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கத்துல பிஸி பீ, கூல் மோ டீ மோதல். பிஸி பீ கூட்டத்தைக் கத்த வைக்கிறதுல மன்னன். மோ டீ மேடையேறி, வரி வரியா அடுக்கி, அந்தக் கத்த வைக்கிற வித்தையையே கிழிச்சார். ராப்னா எழுத்துன்னு ஆனதுக்கு அந்த ராத்திரியைத்தான் இன்னைக்கும் சொல்றாங்க. கூட்டத்துக்குக் காது உண்டு. பல சமயம் மெதுவா திறக்கும், அவ்வளவுதான்.

இப்ப அந்தக் கசப்பான விஷயம். ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சொன்ன குற்றச்சாட்டு எதுவும் நிரூபணம் ஆகலை. டிரேக் மறுத்தார். 'நாட் லைக் அஸ்'ஸை வெளியிட்டுப் பரப்பினதுக்காக கென்ட்ரிக் மேல இல்லாம, யுனிவர்சல் கம்பெனி மேல 2025 ஜனவரியில அவதூறு வழக்குப் போட்டார். அக்டோபர்ல நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. இப்படி ஒரு சண்டையில வர்ற வரியைச் சராசரிக் கேட்பாளர் உண்மைத் தகவலா எடுத்துக்க மாட்டார்னு காரணம். சட்டத்துக்கு அது சரி. ஆனா பாதிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால என் மார்க் அட்டையில 'உண்மை'க்குக் கட்டமே போடலை. நக்கீரர் பாட்டைப் பார்த்தார், பாடினவன் யார்னு பார்க்கலை. அது சுலபம்னு நினைச்சேன். இல்லை. 'மீட் த கிரஹாம்ஸ்' டிரேக்கோட குடும்பத்துக்கு ஒவ்வொருத்தராக் கடிதம் எழுதுற வடிவம். நம்ம சீட்டுக்கவி மாதிரி. மகனுக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, இருக்கான்னே தெரியாத ஒரு மகளுக்கு, கடைசியில டிரேக்குக்கு. அமைப்புல இந்தச் சண்டையிலேயே சிறந்தது அதுதான். ஆனா முதல் கடிதம் ஆறு வயசுப் பையனுக்கு. ரெண்டாவது தடவை என்னால கேக்க முடியலை. டிரேக் 'ஃபேமிலி மேட்டர்ஸ்'ல எதிராளி வீட்டுப் பெண்ணை இழுத்ததும் இதே ரகம். மார்க் போட்டேன். போட்டுட்டுக் கை கழுவணும் போல இருந்துச்சு.

சமையலறைக்குத் திரும்புவோம். அப்பனை இழுத்த சூரிச் பையனும் அதே வேலையைத்தான் செஞ்சான். அளவு சின்னது, அவ்வளவுதான். நாலு கோலையும் வெச்சுப் பார்த்தா, எதிர்ப்பாட்டுலயும் சிலேடையிலயும் நம்ம தம்பிதான் மேல. ஆனா எனக்கே ஒரு சந்தேகம். அவன் தமிழன்கிறதால சொல்றேனா? பாஷை முழுசாத் தெரியாத நடுவர் நான். இந்த நாட்டுல இது பெரிய சிக்கல். பாசல்காரர் பிளாக் டைகர் 1990களோட தொடக்கத்துல சொந்த வட்டார வழக்குல ராப் பண்ணி வழி திறந்தார். இன்னைக்கு ஊருக்கு ஒரு வழக்குல பாடுறாங்க. கிராவுபுண்டன் மலைப்பக்கத்து லிரிகாஸ் அனலாஸ் குழு ரொமான்ஷ்லயே பாடினாங்க. பெர்ன்காரங்க மெதுவா பேசுவாங்கங்கிறது சூரிச்காரங்களோட நிரந்தர ஜோக். பெர்ன் வழக்குல சூரிச் கூட்டத்துக்கு முன்னாடி நிக்கிறவன் ஒரு அடி பின்னாடிதான் நிக்கிறான்.

போன ஞாயிறு இதையெல்லாம் அடுப்படியில வாசிச்சுக் காட்டினேன். டொராண்டோ 'ஃபேமிலி மேட்டர்ஸ்' பத்திச் சொன்ன இடத்துல மட்டும் கை தட்டினான். தம்பியைப் பார்த்து, "எழுத்துல நீதாண்டா ஜெயிச்சே"ன்னேன்.

அவன் பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்: "இல்லை அண்ணா. நான் அந்த வரியிலை மூச்சு விடாமல் ஓடிட்டன். 'ஹுஹிஹெஷ்ட்லி' எண்ட சொல்லே சனத்துக்குக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சிரிச்சிருப்பினம். அது வழக்கின்ரை பிழை இல்லை, என்ரை பிழை. நீங்கள் ரயிலிலை, நான் மெதுவாச் சொல்லக் கேட்டனீங்கள்."

நடுவர் நாற்காலி ஆடிப் போச்சு. என் நாலு கோல்ல 'கேட்டுச்சா'ங்கிறதுக்குக் கோலே இல்லை. தாத்தா சொன்ன லாவணியில அந்தக் கவலை கிடையாது. ஒரு பாட்டு கேக்கலைன்னா அடுத்த பாட்டுல கேட்டுக்கலாம், விடியிற வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு நிமிஷச் சுற்றுல அது இல்லை. கென்ட்ரிக் கடைசியில 'நாட் லைக் அஸ்' மாதிரி ஒண்ணை ஏன் எழுதினார்னு இப்பதான் விளங்குது. 'யூஃபோரியா' எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு அது எழுதத் தெரியாம எழுதினது இல்லை. எல்லாருக்கும் கேக்கணும்னு எழுதினது. அதுக்காகப் பாதிப் பாட்டு கோஷம்கிற என் தீர்ப்பை மாத்திக்க மாட்டேன். ஆனா அதுக்கு நான் போட்ட மார்க் கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

அடுத்த போட்டி வசந்தத்துல. தம்பி அந்த வரியை ரெண்டா உடைச்சு, நடுவுல ஒரு நிறுத்தம் வெச்சு, தினமும் அடுப்படியில பழகிட்டிருக்கான். சரியா அந்த நிறுத்தத்துல என் குக்கர் விசில் அடிக்குது. கழுவி வெச்சிருக்கேன், நம்புங்க.

பி.கு.: டிரேக் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வரிசையா வரலாம். சத்தமா வேண்டாம், பதிலோட வாங்க. காமன் எரிஞ்சானா இல்லையான்னே எங்க ஊர்ல இன்னும் முடிவாகலை, இது எம்மாத்திரம். :-)